ஓவியக் கட்டுரையைச் சீர்செய்தல்: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

தமிழ் விக்கிப்பீடியாவில் ஓவியங்களைப் பற்றிய கட்டுரைகளைச் சீராய்வு செய்ய முன்வருவோருக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம், செங்கோட்டை, கொழிஞ்சாம்பாறை போன்ற எல்லைப்புற ஊர்களில் இருந்துகொண்டு தமிழையும் மலையாளத்தையும் ஒருசேரப் படிக்கக்கூடியவர்களை மனத்தில் வைத்தே எடுத்துக்காட்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ரவி வர்மாவின் ஓவியங்களுக்கும் திருவிதாங்கூர்ச் சுவரோவியங்களுக்குமான சான்றுகளில் பெரும்பகுதி அவர்களுக்குப் பேருந்து தூரத்திலேயே கிடைக்கிறது.

இவ்வகைக் கட்டுரைகளில் காணும் பிழைகள் பலவாகத் தோன்றினாலும் அவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. சுவரில் தொங்கும் பொருள், அந்தப் பொருளின் அச்சுப்படி, அது சித்திரிக்கும் கதை, அதை வரைந்தவரின் புகழ் ஆகிய நான்கும் எழுதுபவரின் கையில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும், பிழையுள்ள வாக்கியம் இந்த நான்கில் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதன்பிறகே தொகுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

தகவற்சட்டம் ஒன்றைச் சொல்கிறது, கட்டுரையின் உடல் வேறொன்றைச் சொல்கிறது

கட்டுரையின் வலப்பக்கத்தில் உள்ள தகவற்சட்டத்தில் ஓர் ஆண்டும், முதல் பத்தியில் வேறோர் ஆண்டும், படத்தின் கீழே மூன்றாவது ஓர் ஆண்டும் இருந்தால், உடனே ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை அழித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. மூன்றும் சரியாக இருந்து, மூன்றும் வெவ்வேறு பொருள்களுக்கு உரியவையாக இருக்கும் வாய்ப்பு மிகுதி.

சகுந்தலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ரவி வர்மா சகுந்தலையை ஒரே ஒருமுறை வரைந்தவர் அல்லர். 1876 இல் சென்னைக் கண்காட்சியில் வைக்கப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் விலைக்கு வாங்கிய ஓவியம், துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலையைக் காட்டுவது. மோனியர் வில்லியம்ஸின் சாகுந்தல மொழிபெயர்ப்புக்கு முகப்புப் படமானதும் அந்தச் சகுந்தலைதான். காலில் முள் தைத்ததுபோலப் பாவனை செய்துகொண்டு திரும்பிப் பார்க்கும் சகுந்தலை, நம் பாடநூல்களிலும் நாட்காட்டிகளிலும் இடம்பிடித்தவள், வேறு ஓவியம். இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் இழுத்துவந்து, முதலாவதன் பெருமையை இரண்டாவதன் படத்தோடு ஒட்டவைத்த பத்திகளை அடிக்கடி காணலாம்.

தீர்வு எளிது, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு தாளில் நெடுங்கோடுகள் இட்டு, கட்டுரை பயன்படுத்தும் ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு வரிசை ஒதுக்கி, அந்தச் சான்று ஓவியத்தின் பெயர், ஆண்டு, அளவு, உடைமையாளர், உருவத்தின் நிலை ஆகியவற்றைப் பற்றி என்ன சொல்கிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். சான்று சொல்லாத இடத்தை வெறுமையாகவே விட வேண்டும். வரிசைகள் இரண்டு குழுக்களாகப் பிரிந்து நின்றால், கட்டுரைக்குள் இரண்டு ஓவியங்கள் குடியிருக்கின்றன என்று பொருள். கட்டுரை எதைப் பற்றியது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, மற்றொன்றை "பிற வடிவங்கள்" என்ற சிறு பகுதிக்கு நகர்த்தலாம், அல்லது போதிய சான்று இருப்பின் தனிக் கட்டுரையாக்கலாம்.

அச்சுப்படியை மூல ஓவியமாகக் கொள்வது இதே பிழையின் இன்னொரு முகம். 1894 இல் பம்பாயின் காட்கோபரில் ரவி வர்மாவின் கல்லச்சுக்கூடம் தொடங்கியது. பின்னர் அது லோணாவளாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு மாறி, அதன்பின் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போனது. நம் ஊர்ப் பூசையறைகளில் தொங்கும் இலக்குமியும் சரசுவதியும் அந்த மரபில் வந்த அச்சுகள். ஓலியோகிராஃப் எனப்பட்ட அந்த அச்சுகளுக்கு மெருகெண்ணெய் பூசி, கித்தானின் நெசவு போன்ற தடத்தையும் அழுத்தியிருப்பார்கள் என்பதால் புகைப்படத்தில் பார்க்கும்போது எண்ணெய் ஓவியம்போலவே மயக்கும். கோப்பைப் பெரிதாக்கி, கீழ் விளிம்பில் அச்சிட்ட எழுத்துகளோ அச்சுக்கூடத்தின் பெயரோ இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்தக் கோப்பு மூல ஓவியத்தின் படமன்று. அதைக் கட்டுரையில் வைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் படவிளக்கம் அதை அச்சுப்படி என்று சொல்லியாக வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சரிபார்த்தால் போதும். உயரம் முதலிலும் அகலம் அடுத்தும் எழுதப்படுவது அருங்காட்சியக மரபு. நின்ற வாக்கில் உள்ள படத்துக்குத் தகவற்சட்டத்தில் அகலமே பெரிதாகக் காட்டப்பட்டிருந்தால் எண்கள் இடம் மாறியுள்ளன.

ஆண்டு ஒன்று கூடியோ குறைந்தோ நிற்கிறது

மலையாளச் சான்றிலிருந்து எழுதப்பட்ட கட்டுரையில் ஆண்டு ஒன்றே ஒன்று பிசகியிருந்தால், பெரும்பாலும் மலையாள ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றியதில்தான் கோளாறு. குமரி மாவட்டத்துப் பழைய பத்திரங்களையும் தாத்தா பாட்டியின் சாதகக் குறிப்புகளையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. ஆனால் கட்டுரை எழுத உட்காரும்போது எல்லோரும் 825 ஐக் கூட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

திருவிதாங்கூர் வழக்கில் கொல்லம் ஆண்டு, நம் ஆவணியாகிய சிங்க மாதத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. ஆகவே சிங்கம், கன்னி, துலாம், விருச்சிகம் ஆகிய மாதங்களுக்கு 824 ஐயும், மகரம் முதல் கர்க்கடகம் வரையிலான மாதங்களுக்கு 825 ஐயும் கூட்ட வேண்டும். இடையில் உள்ள தனு, நம் மார்கழி, டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிவதால், நாள் தெரிந்தால் மட்டுமே எந்த எண்ணைக் கூட்டுவது என்று சொல்ல முடியும். வடக்கே மலபாரில் ஆண்டு கன்னியில் பிறந்ததாகக் கொள்ளும் வழக்கு இருந்ததால், சான்று அங்கிருந்து வந்ததாயின் சிங்க மாதத்தையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

கணக்கைச் சோதித்துக்கொள்ள ரவி வர்மாவின் வாழ்க்கையே போதும். அவர் பிறந்தது 1848 ஏப்ரல் 29, கொல்லம் 1023 மேடம். 1023 உடன் 825 ஐக் கூட்டினால் 1848 வருகிறது. அவர் மறைந்தது 1906 அக்டோபர் 2, கொல்லம் 1082 கன்னி. இங்கே 825 ஐக் கூட்டினால் 1907 என்று பிழையாகிவிடும், 824 ஐக் கூட்டினால்தான் 1906 கிடைக்கும். ஒருவரின் பிறப்புக்கு ஓர் எண்ணும் இறப்புக்கு வேறோர் எண்ணும் தேவைப்படுகிற இந்த ஒரு சோடியை நினைவில் வைத்துக்கொண்டால், பிறகு தடுமாற வேண்டியதில்லை.

மாதம் இல்லாமல் கொல்லம் ஆண்டு மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால், இரண்டு ஆண்டுகளையும் எழுதிவிடுவதே நேர்மை. கொல்லம் 1068 என்று மட்டும் உள்ள இடத்தில் "1892–93" என்று எழுதி, அடிக்குறிப்பில் மூலத்தில் உள்ள கொல்லம் ஆண்டை அப்படியே தர வேண்டும். அடிக்குறிப்பில் அது இல்லையென்றால், நாளை வேறொருவர் வந்து இன்னொரு சான்றைக் காட்டி ஆண்டை மாற்றுவார், அதற்கு மறுநாள் மூன்றாமவர் திரும்ப மாற்றுவார்.

கணக்குச் சரியாக இருந்தும் ஆண்டு பொருந்தவில்லையென்றால், அது வரைந்த ஆண்டா, காட்சிக்கு வைத்த ஆண்டா, அரண்மனை வாங்கிய ஆண்டா, அச்சான ஆண்டா என்று பார்க்க வேண்டும். 1893 இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ரவி வர்மா பத்து ஓவியங்களை அனுப்பினார். அந்த ஆண்டு கண்காட்சியின் ஆண்டு. பத்து ஓவியங்களையும் அவர் அதே ஆண்டில் வரைந்தார் என்று அதிலிருந்து முடிவுகட்ட வழியில்லை. சட்டத்தில் இருப்பது எந்த ஆண்டு என்று தெரியாதபோது, சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு உடற்பகுதியில் "இவ்வாண்டில் காட்சிக்கு வைக்கப்பட்டது" என்று முழு வாக்கியமாக எழுதுவது மேல்.

காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் நடுவர் வேலை நமக்கு இல்லை. சித்தன்னவாசல் ஓவியங்களை முதலில் மகேந்திரவர்மன் காலத்தவை, 7ஆம் நூற்றாண்டு, என்று கருதினர். பின்னர் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் அக்குகைக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டைக் கொண்டு 9ஆம் நூற்றாண்டு என்ற கருத்து வலுப்பெற்றது. கட்டுரையில் இரண்டையும் அவற்றின் காரணத்தோடு வரிசையாகச் சொல்ல வேண்டும். "7 முதல் 9ஆம் நூற்றாண்டு" என்று ஒரு கோட்டைப் போட்டு மழுப்பினால் இரண்டு கருத்துமே சிதைந்துவிடும்.

இருப்பிடம் தவறாக இருக்கிறது

எல்லைப்புறத்தில் இருப்பவர் ஒரே பார்வையில் கண்டுபிடிக்கும் பிழை இது. பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில், மேல்மாடிச் சுவர்களில் உள்ள 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களைப் பற்றி எழுதுவோர், அரண்மனையைக் கேரளத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். இதைத் திருத்த வருபவர் உணர்ச்சிவசப்பட்டு, கேரளம் என்ற சொல்லையே கட்டுரையிலிருந்து துடைத்துவிடுகிறார். இரண்டுமே தவறு. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், குமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகில். அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் உள்ளிட்ட வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோதும் அரண்மனையின் நிர்வாகம் கேரளத்திடமே இருந்தது. தகவற்சட்டத்தில் அமைவிடம், பராமரிப்பு என்று இரண்டு வரிகள் தனித்தனியே இருந்தால் சண்டைக்கே இடமில்லை.

அருங்காட்சியக ஓவியங்களில் இதே குழப்பம் வேறு உருவில் வரும். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் 1935 இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ சித்திரா கலைக்கூடம், ரவி வர்மா ஓவியங்களின் இருப்பிடமாக நெடுங்காலம் அறியப்பட்டது. 2023 இல் அதே வளாகத்தில் ரவி வர்மாவுக்கென்று தனிக் கூடம் திறக்கப்பட்டது. ஆகவே பழைய நூலைப் பார்த்து எழுதியவரும், சென்ற மாதம் நேரில் பார்த்து எழுதியவரும் வெவ்வேறு கூடத்தின் பெயரைச் சொல்லலாம். எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்பதை நிலையான செய்தியாகவும், இப்போது எங்கே காட்சிக்கு உள்ளது என்பதைத் தேதியிட்ட செய்தியாகவும் எழுதினால் கட்டுரை பழசாகாது. தம்பானூரில் இறங்கி நேரில் போய்ப் பார்ப்பவர்கள், ஓவியத்தின் அருகிலுள்ள பெயர்ப்பலகையில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ள வேண்டும். பலகையில் பதிவெண் இருந்தால் அதுவே நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பேறு. படம் எடுக்கலாமா என்று வாயிலிலேயே கேட்டுவிடவும். "சாரே, போட்டோ எடுக்கலாமா?" என்ற ஒரு கேள்வி பின்னால் வரும் பல சங்கடங்களைத் தவிர்க்கும்.

ஓவியத்தைப் பற்றிய பகுதியில் ஓவியம் இல்லை, கதைதான் இருக்கிறது

"விளக்கம்" என்ற தலைப்பின் கீழ் ஐந்து பத்திகள் இருக்கும். நளன் நாட்டை இழப்பான், கானகத்தில் தமயந்தியைப் பிரிவான், கார்க்கோடகன் தீண்டி உருமாறுவான். ஓவியத்தில் உள்ள அன்னத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் இருக்காது. ரவி வர்மா 1899 இல் வரைந்த "அம்ச தமயந்தி" போன்ற புராண ஓவியங்களுக்கான கட்டுரைகளில் மிகுதியாகக் காணும் நோய் இதுதான். எழுதுபவருக்குக் கதை நன்றாகத் தெரியும், ஓவியத்தை உற்றுப் பார்க்கும் பழக்கம் குறைவு என்பதே காரணம்.

இதைச் சரிசெய்யக் கதையை முழுவதும் நீக்க வேண்டியதில்லை. ஓவியம் எந்தத் தருணத்தைக் காட்டுகிறதோ அந்தத் தருணம் வரை வந்து நிறுத்தினால் போதும். மாதிரிக்கு ஒரு பத்தி:

"மகாபாரதத்தின் வன பருவத்தில் வரும் நளன் கதையில், நளன் பிடித்து விடுவித்த அன்னம் தமயந்தியிடம் சென்று அவன் சிறப்பைக் கூறுகிறது. ஓவியம் இந்தத் தூதின் தருணத்தைக் காட்டுகிறது. சிவப்புப் புடவை உடுத்திய தமயந்தி நின்றபடி, தன் எதிரே உள்ள அன்னத்தின் சொல்லைக் கேட்கிறாள்."

இதன்பின் பின்னணி, ஒளி வரும் திசை, கைகளின் நிலை, துணியின் மடிப்பு, கையொப்பம் இருக்கும் மூலை ஆகியவற்றைப் படத்தை அருகில் வைத்துக்கொண்டு எழுதலாம். கண்ணுக்குத் தெரிவதை எழுதச் சான்று தேவையில்லை என்பது பொது ஒப்புதல். இடம், வலம் என்று எழுதும்போது பார்ப்பவரின் இடமா உருவத்தின் இடமா என்பதைத் தெளிவாக்க வேண்டும். கட்டுரையில் ஒரே முறையைக் கடைசி வரை கையாள வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவதற்கு அடுத்த அடியை எடுத்துவைத்தால் சான்று தேவைப்பட்டுவிடும். "அவள் கண்களில் பிரிவின் துயரம் ததும்புகிறது" என்பது எழுதியவரின் கருத்து. அதைக் கலை வரலாற்றாளர் ஒருவர் சொல்லியிருந்தால் அவர் பெயரோடு வைக்கலாம், இல்லையேல் நீக்க வேண்டும். எல்லைப்புற எழுத்தாளருக்கென்றே ஒரு தனிச் சபலமும் உண்டு. அவருக்குப் புகழேந்தியின் நளவெண்பாவில் சுயம்வர காண்டத்து அன்னமும் தெரியும், உண்ணாயி வாரியரின் நளசரிதக் கதகளியில் முதல் நாள் ஆட்டத்துக்கு வரும் அன்னமும் தெரியும். இரண்டையும் அறிந்தவருக்கு, கிளிமானூரில் கதகளி கண்டு வளர்ந்த ஓவியர் அந்த மேடை அன்னத்தைத்தான் கித்தானில் வைத்தார் என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். அழகான எண்ணம்தான். ஆனால் வேறொருவர் அச்சில் சொல்லியிருந்தாலொழிய அது சொந்த ஆய்வு. கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை. அதைத் தனிக் கட்டுரையாக ஓர் இதழுக்கு எழுதி அனுப்பலாம்.

இணைப்பைச் சொடுக்கினால் வேறொருவர் வருகிறார்

ராஜராஜ வர்மா என்ற பெயர் நீலநிறத்தில் இருந்தால் சொடுக்கிப் பார்க்காமல் நகரக் கூடாது. ரவி வர்மாவுக்கு முதலில் ஓவியம் கற்பித்த மாமன் ராஜராஜ வர்மா ஒருவர். அவருடன் சேர்ந்து வரைந்து, பயணக் குறிப்பேடும் எழுதிவைத்த தம்பி சி. ராஜராஜ வர்மா (1860–1905) இன்னொருவர். "கேரள பாணினீயம்" எழுதிய இலக்கணப் புலவர் ஏ. ஆர். ராஜராஜ வர்மா (1863–1918) மூன்றாமவர். மாமனுக்குத் தம்பியின் பிறந்த ஆண்டும், தம்பிக்கு இலக்கணப் புலவரின் பக்கமும் இணைக்கப்படுவது வழக்கமான பிழை. தலைப்பெழுத்தோடு பெயரை எழுதி, முதல்முறை குறிப்பிடும்போது உறவையும் சொல்லிவிட வேண்டும். தம்பியின் பங்கு உள்ளதாகச் சான்று கூறும் ஓவியமாயின், வரைந்தவர் என்ற வரியில் அவரையும் சேர்க்கத் தயங்க வேண்டாம்.

சுவரோவியம் எல்லாம் "ஃபிரெஸ்கோ" ஆகிவிட்டது

ஈரச் சுண்ணச்சாந்து காய்வதற்குள் நிறத்தை ஏற்றுவதுதான் முறையான ஃபிரெஸ்கோ. சாந்து காயும்போது நிறம் அதனோடு இறுகிவிடும் என்பதால் அங்கே பசை தேவையில்லை. கேரளக் கோயில்களிலும் அரண்மனைகளிலும் உள்ள மரபுவழி ஓவியங்கள், சுவரை நன்றாக மெழுகிக் காயவிட்ட பின், பசை சேர்த்த நிறங்களால் தீட்டப்பட்டவை. செம்மண்ணிலிருந்து சிவப்பும் மஞ்சளும், நீலி இலையின் துணையோடு பச்சையும், விளக்குப் புகைக்கரியிலிருந்து கறுப்பும் எடுத்து, சுண்ணாம்பின் வெண்மையைத் தளமாகவே வைத்துக்கொண்டனர். ஆகவே கட்டுரையில் "உலர்ந்த சாந்தின்மேல் இயற்கை நிறங்கள்" என்று நேராக எழுதிவிடுவது பாதுகாப்பானது. காயங்குளம் கிருஷ்ணபுரம் அரண்மனையின் கஜேந்திர மோட்சம், ஏற்றுமானூர்க் கோயிலின் நடராசர் முதலிய புகழ்பெற்ற ஓவியங்களின் கட்டுரைகளில் இந்த ஒரு வரியைச் சரிபார்த்தாலே நல்ல தொடக்கம்.

ஒரே சுவரில் அடுக்குகள் இருந்தால் ஆண்டோடு அடுக்கையும் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் 1931 இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் கால ஓவியங்கள், நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் இருந்தவை. "தஞ்சைக் கோயில் ஓவியம்" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எது கிடைக்கும் என்று தெரியாது. நம் பக்கத்துத் திருநந்திக்கரைக் குகைக் கோயிலின் ஓவியங்களோ பெரும்பாலும் கோடுகளாகத்தான் எஞ்சியுள்ளன. அங்கே நிறங்களைப் பற்றி நீண்ட பத்தி எழுதப்பட்டிருந்தால் அது வேறொரு கோயிலின் கட்டுரையிலிருந்து நகர்ந்து வந்தது என்று துணிந்து சந்தேகிக்கலாம்.

பெயரடைகள் மிகுந்து செய்தி குறைந்திருக்கிறது

"உலகையே வியப்பில் ஆழ்த்திய", "ஈடு இணையற்ற", "இந்திய ஓவியத்தின் தந்தை" போன்றவற்றை நீக்கியதும் பத்தியில் ஒன்றும் மிஞ்சவில்லையென்றால் பத்தியையே நீக்கிவிடலாம். பெயரடைக்குப் பின்னால் ஓர் உண்மை ஒளிந்திருந்தால் அதை வெளியே கொண்டுவர வேண்டும். "வியன்னாவையே வென்ற ஓவியம்" என்பதை எடுத்துவிட்டு, மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்கு 1873 இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது என்றும், அதே ஆண்டு வியன்னா கண்காட்சியில் விருது பெற்றது என்றும் எழுதினால் ஓவியத்தின் மதிப்பு தானே விளங்கும். சிகாகோவில் கிடைத்த பதக்கங்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுவதால், எண்ணைச் சொல்லும்போது எந்த நூல் சொல்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புகழ்ச்சியைக் குறைப்பதோடு வேலை முடிந்துவிடாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனந்த குமாரசுவாமியும் சகோதரி நிவேதிதையும் ரவி வர்மாவின் ஓவியங்களைக் கடுமையாக விமர்சித்தனர். அந்த விமர்சனம் இல்லாத வரவேற்புப் பகுதி பாதிப் பகுதிதான். அது குறிப்பிட்ட ஓர் ஓவியத்தைப் பற்றியதாயின் அந்தக் கட்டுரையிலும், பொதுவானதாயின் ஓவியரைப் பற்றிய கட்டுரையிலும் சேர வேண்டும்.

சான்று இருக்கிறது, ஆனால் சான்று நம்மையே காட்டுகிறது

ஒரு செய்தித்தாள் கட்டுரை அடிக்குறிப்பில் இருக்கிறது, அதில் சொன்னபடியே கட்டுரையிலும் இருக்கிறது, ஆயினும் வாக்கிய அமைப்பு சந்தேகத்துக்குரிய அளவு ஒத்திருக்கிறது. அப்போது வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, அந்த வாக்கியம் நம் கட்டுரையில் முதன்முதலில் நுழைந்த தேதியைக் கண்டுபிடிக்க வேண்டும். செய்தித்தாளின் தேதி அதற்குப் பிந்தியதாயின், செய்தியாளர் நம் கட்டுரையைப் படித்து எழுதியிருக்கிறார். அதை நம் கட்டுரைக்கே சான்றாக வைப்பது தன் நிழலையே சாட்சிக்கு அழைப்பதாகும். அடிக்குறிப்பை நீக்கி "சான்று தேவை" என்ற வார்ப்புருவை இட்டு, அருங்காட்சியகப் பட்டியலையோ நூலையோ தேட வேண்டும்.

மலையாள நூலைச் சான்றாகத் தருவதற்குத் தமிழ்க் கட்டுரையில் தடையேதும் இல்லை. நூற்பெயரைத் தமிழ் எழுத்தில் தந்து, மொழியைக் குறிப்பிட்டு, பக்க எண்ணைத் தவறாமல் எழுதினால் போதும். பக்க எண் இல்லாத சான்றைச் சரிபார்க்க வேறொருவர் நூல் முழுவதையும் படிக்க வேண்டியிருக்கும். யாரும் படிக்கமாட்டார்கள்.

படம் நீக்கப்பட்டது, அல்லது நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய ஓவியத்துக்குப் பதிப்புரிமை உண்டு. 1906 இல் மறைந்த ரவி வர்மாவின் ஓவியங்களுக்கு இது எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றின் படம் நீக்கப்பட்டால் காரணம் பெரும்பாலும் விக்கிமீடியாவின் படக்கிடங்கான பொதுவகத்தில் பதிவேற்றியவர் உரிம வரியை நிரப்பாமல் விட்டதுதான். நிரப்பி, நீக்கப் பரிந்துரையில் ஒரு வரி எழுதினால் போதும். இந்த ஓவியங்கள் 1979 இல் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டதைக் காட்டி, படத்தையும் வெளியிடக் கூடாது என்று வாதிடுவோர் உண்டு. அந்த அறிவிப்பு மூல ஓவியத்தை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதைத் தடுப்பது. பதிப்புரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கே. சி. எஸ். பணிக்கரின் நிலை வேறு. கோயம்புத்தூரில் பிறந்து, 1966 இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய அவர் 1977 இல் மறைந்தார். கணக்கு 1978 தொடக்கத்திலிருந்து ஓடுவதால் 2037 இறுதி வரை உரிமை நீடிக்கும். ஓவியம் பொதுக்கூடத்தில் நிரந்தரமாகத் தொங்குகிறதே என்ற வாதமும் இங்கே செல்லாது, ஏனெனில் பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பத்துக்குச் சட்டம் தரும் விலக்கு ஓவியத்துக்குப் பொருந்தாது. பதிவேற்றியவர் தாமே எடுத்த புகைப்படம் என்றாலும் இதே நிலைதான். இத்தகைய கட்டுரையில் படமின்றி விளக்கத்தைச் செறிவாக்குவதே வழி.

படம் இருந்தும் அது இடவலம் மாறியிருந்தால், கையொப்பத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால் கோப்பைத் திருப்பிப் பதிவேற்ற வேண்டும். முந்தானை எந்தத் தோளில் விழுகிறது என்பதை வைத்து மட்டும் முடிவுசெய்ய வேண்டாம், ஏனெனில் ரவி வர்மா பல வட்டாரப் பெண்களின் உடுத்துமுறையையும் வரைந்தவர்.

செய்த திருத்தம் மறுநாளே மீளமைக்கப்படுகிறது

மீண்டும் அதையே இடக் கூடாது. உரையாடல் பக்கத்தில் பழைய வாக்கியம், புதிய வாக்கியம், சான்றின் பக்க எண், மூலத்தில் உள்ள கொல்லம் ஆண்டு மாதம், அதை மாற்றிய கணக்கு ஆகியவற்றை எழுதி, மீளமைத்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, சில நாள் காத்திருக்க வேண்டும். ஒரே தொகுப்பில் ஆண்டையும் இருப்பிடத்தையும் படத்தையும் சேர்த்து மாற்றியிருந்தால், எதிர்ப்பு அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இருந்தாலும் மூன்றும் மீண்டுவிடும். ஆகவே அடுத்தமுறை ஒவ்வொன்றையும் தனித்தனித் தொகுப்பாக, தொகுப்புச் சுருக்கத்தில் காரணத்தோடு சேமிக்கவும். பதில் ஏதும் வராவிட்டால் எதிர்ப்பில்லாத திருத்தங்களை முதலில் இட்டுவிட்டு, எஞ்சியதற்கு ஓவியத்தை அறிந்த வேறு பயனர் ஒருவரின் கருத்தைக் கேட்கலாம்.